விதை மேடையில் விழுந்தது!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: நடிகர் திலகம் சிவாஜி கணேசனை உருவாக்கியது நாடக மேடையா? வெள்ளித்திரையா? ‘நாடக மேடையே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

மாண்புமிகு நடுவர் அவர்களே! என் அணியின் அருமைத் தோழர்களே! எதிரணியில் அமர்ந்து, ‘இவர் என்ன பேசப் போறாரு, பார்ப்போம்’ என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கிற அன்புச் சகோதர சகோதரிகளே! (சிரிப்பு) பொங்கலை இறக்கி வைத்துவிட்டு, கரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. ‘சினிமா இல்லாட்டி சிவாஜி கணேசனை உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்க நாடகக் கொட்டகைக்குப் போயா பார்த்தீங்க?’ன்னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டுனீங்க. நானும் தட்டினேன். நல்ல கேள்விக்குக் கை தட்டுறதுல நமக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லை. (சிரிப்பு)

ஆனா, தலைப்பை இன்னொரு தடவை பாருங்க ஐயா. ‘சிவாஜியை ஊருக்குக் காட்டியது எது?’ என்று தலைப்பு கொடுத்திருந்தா, நான் எழுந்திருக்கவே மாட்டேன். நேரே வீட்டுக்குப் போய் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டிருப்பேன். தலைப்பு ‘உருவாக்கியது எது?’ காட்டுறது வேற, உருவாக்குறது வேற. கல்யாணத்துல பொண்ணை அழைச்சிட்டு வந்து மணமேடையில உட்கார வைக்கிறாங்க. ஊரே பார்க்குது. அதுக்காக அந்த மணமேடையா அந்தப் பொண்ணைப் பெத்து வளர்த்துச்சு? பெத்தவ ஒரு ஓரமா நின்னு கண்ணைத் துடைச்சிக்கிட்டு இருக்கா. அவளை யாரும் பார்க்கலை. அந்தத் தாய்க்காகத்தான் நான் பேச வந்திருக்கேன். (கைதட்டல்)

நடுவர் அவர்களே! 1928-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி விழுப்புரத்தில் பிறந்தவர் கணேசன். அப்பா சின்னையா மன்றாயர், ரயில்வேயில் வேலை பார்த்தவர். தேச விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனவர். அம்மா ராஜாமணி அம்மாள். குடும்பம் பிறகு திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்கு வருது. அங்கே சின்னப் பையனா இருந்தப்போ ஒரு நாள் ராத்திரி, கட்டபொம்மன் கூத்தைப் பார்க்கிறார். பார்த்த அந்த ராத்திரியே, ‘நாமும் நடிகனாகணும்’கிற ஆசை மனசுல விழுந்துடுச்சுன்னு பின்னால அவரே சொல்லியிருக்கார்.

எதிரணிப் பேராசிரியர் அவர்களே! அந்தப் பையன் சினிமாப் படம் பார்த்து நடிகனாக ஆசைப்படலை. மண்ணுல ஆடின கூத்தைப் பார்த்து ஆசைப்பட்டான். விதையே எங்க விதை! (கைதட்டல்)

அப்போ யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை அவர்களுடைய நாடகக் கம்பெனி. பையன்களை வச்சு நாடகம் போடுகிற பாய்ஸ் கம்பெனி. பத்து வயசு நிரம்பாத இந்தப் பையன் அங்கே போய் நிக்கிறான். வீட்டுல சொன்னா விடமாட்டாங்க. கம்பெனியில கேட்கிறாங்க: ‘நீ யாரு வீட்டுப் பிள்ளை?’ பையன் சொல்றான்: ‘எனக்கு அப்பா அம்மா யாரும் இல்லைங்க. நான் அநாதை.’

தாய்மார்களே, கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வீட்டுல அம்மா உயிரோட இருக்கா. ‘பிள்ளையைக் காணோமே’ன்னு தெருத்தெருவாத் தேடியிருப்பா. அங்கே பிள்ளை, ‘எனக்கு அம்மாவே இல்லை’ன்னு சொல்லி வேஷம் வாங்குது. நடுவர் அவர்களே, சிவாஜி கணேசன் நடிச்ச முதல் வேஷம் எதுன்னு கேட்டா, எல்லாரும் பராசக்தி குணசேகரன்னு சொல்வாங்க. விவரம் தெரிஞ்சவங்க, கம்பெனியில போட்ட சீதை வேஷம்னு சொல்வாங்க. நான் சொல்றேன்: முதல் வேஷம் அந்த அநாதை வேஷம்! அதைப் போட்டுத்தான் அந்தக் குழந்தை மேடைக்கே போச்சு. (கைதட்டல்) இந்தப் பையனை இங்கேயே நிறுத்தி வைங்க. கடைசியில இவன்கிட்ட நான் திரும்பி வர்றேன்.

பாய்ஸ் கம்பெனின்னா என்ன? இன்னைக்குப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. ஏதோ பையன்களுக்குச் சட்டை தைக்கிற கம்பெனின்னு நினைச்சுக்குவாங்க. (சிரிப்பு) தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ என்று ஒன்றைத் தொடங்கினார். பையன்களைக் கூட்டி வச்சு, பாட்டு, வசனம், நடிப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்து மேடை ஏத்துனார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவங்க. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். இருந்தார். நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில எம்.என். நம்பியார் இருந்தார். ஆக, அந்தக் காலத்துல தமிழ்நாட்டுல நடிப்புக்குன்னு இருந்த கல்லூரி அதுதான். அட்மிஷன் உண்டு, டொனேஷன் கிடையாது. (சிரிப்பு)

ஆனா சும்மா விடுவாங்களா? சாமர்த்தியம் காட்டணும். இன்னைக்கு சீதை, நாளைக்குப் பரதன், அடுத்த வாரம் சூர்ப்பணகை, வளர வளர இந்திரஜித்து! ராமாயணத்துல எந்தக் கதவைத் திறந்தாலும் இந்தப் பையன் நிக்கிறான். பெண் வேஷம்னா நடை வேற, குரல் வேற, கை வைக்கிற இடம் வேற. அடுத்த நாளே இந்திரஜித்துன்னா எல்லாத்தையும் மறந்துட்டு மார்பை நிமிர்த்தணும். 1964-இல் ‘நவராத்திரி’ படத்துல ஒன்பது வேஷம் போட்டார், அது அவருக்கு நூறாவது படம், உலகமே வியந்ததுன்னு எதிரணியில சொன்னாங்க. ஐயா! ஒன்பது வேஷத்தை அவர் ஸ்டுடியோவுக்குப் போயா கத்துக்கிட்டார்? கம்பெனியில வாரத்துக்கு வாரம் மாத்தி மாத்திப் போட்டுப் பழகினதுதானே! அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு தெருக்கூத்து வருதே, அதை ஆடும்போது அந்தக் கால் எங்கே பழகின கால்னு தெரியலையா உங்களுக்கு? (கைதட்டல்)

இதுல ஒரு உண்மையையும் நான் மறைக்கப் போறதில்லை. கம்பெனி வாழ்க்கை சொர்க்கம்னு நான் சொல்லலை. அடி உண்டு. அரை வயித்துச் சாப்பாடு உண்டு. வருஷக்கணக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. குழந்தைங்களை அப்படி வதைக்கிறது சரியான்னு கேட்டா, சரியில்லை. இன்னைக்கு யாரும் அப்படிச் செய்யவும் கூடாது. மேடை கண்டிப்பான தாய். ஆனா தாய்தான்.

அடுத்து, மேடையில பெண் வேஷம் போட்டதை ஏதோ சின்ன விஷயமா எதிரணி நண்பர் சிரிச்சிக்கிட்டே சொன்னார். அந்தச் சின்ன விஷயம் என்ன பண்ணுச்சு தெரியுமா? சக்தி நாடக சபாவில் ‘நூர்ஜஹான்’ என்று ஒரு நாடகம். கணேசன்தான் நூர்ஜஹான். அதைப் பார்த்தவர் வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியார், நேஷனல் பிக்சர்ஸ் அதிபர். பார்த்தவர் மனசுல, ‘பராசக்தி படத்துக்கு இவன்தான் கதாநாயகன்’ன்னு பட்டுப்போச்சு. மேடையில ராணியா நின்ன ஒருத்தரைப் பார்த்து, ‘எனக்கு ஹீரோ கிடைச்சாச்சு’ன்னு ஒருத்தர் சொல்றார்னா, அந்த நடிப்புல என்ன நெருப்பு இருந்திருக்கணும்!

பெயருக்கு வருவோம். ‘சிவாஜி’ங்கிற பெயர் எங்கேயிருந்து வந்தது? 1940-களின் நடுவில், அறிஞர் அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகம். சிவாஜி வேஷத்துக்கு முதல்ல பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். அவர் நடிக்க முடியாமல் போகவே, அந்த வேஷம் கணேசனுக்கு வந்தது. நாள் அதிகம் இல்லை. பக்கம் பக்கமா வசனம். உட்கார்ந்து மனப்பாடம் பண்ணி, மேடையில நின்னு முழங்கினார். பார்த்த தந்தை பெரியார், இனிமேல் இவன் சிவாஜின்னு வாழ்த்தினார். வி.சி. கணேசன், சிவாஜி கணேசன் ஆனார்.

எதிரணி அன்பர்களே! பெயர் வைக்கிறது யாரு வேலை? பெத்தவங்க வேலை. பெத்தவ பெயர் வச்சு, பால் கொடுத்து, நடை பழக்கி, பேச்சுப் பழக்கி அனுப்பி வைக்கிறா. வந்த பிள்ளைக்கு நீங்க ஒரு போட்டோ எடுத்தீங்க. எடுத்துட்டு, ‘பிள்ளை எங்க பிள்ளை’ங்கிறீங்களே, நியாயமா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அந்த போட்டோவையாவது ஒழுங்கா எடுத்தாங்களா? அதையும் சொல்றேன். பராசக்தி படப்பிடிப்பு ஏவி.எம். ஸ்டுடியோவில நடக்குது. கலைஞர் வசனம். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். முதல் நாள் முதல் ஷாட்டில் அவர் சொன்ன வார்த்தை ‘சக்சஸ்’. ஆனா உடனே சக்சஸ் ஆயிடலை. ‘பையன் ஒல்லியா இருக்கானே, இவன் வேண்டாம், கே.ஆர். ராமசாமியைப் போடலாமே’ன்னு மெய்யப்பச் செட்டியாருக்குத் தயக்கம் வந்தது. பெருமாள் முதலியார் விடலை. ‘இவனை வச்சுத்தான் எடுப்பேன்’னு நின்னார். அப்புறம் நல்லாச் சாப்பிட வச்சு, உடம்பைத் தேத்தி, எடுத்த காட்சிகளையே மறுபடி எடுத்ததா வரலாறு.

செட்டியாரை நான் குறை சொல்லலை. எத்தனையோ கலைஞர்களை வாழவச்ச பெரிய மனிதர். ஆனா நடந்தது என்ன? காமிராவுக்குள்ளே பார்த்தவங்களுக்கு உடம்பு தெரிஞ்சுது. நாடகக் கொட்டகையில பார்த்தவருக்கு நடிகன் தெரிஞ்சான். (கைதட்டல்) 1952 அக்டோபர் 17, தீபாவளிக்குப் படம் வந்தது. அன்னைக்கு அவருக்கு இருபத்து நாலு வயசு. பத்து வயசுக்குள்ள மேடை ஏறினவர், இருபத்து நாலு வயசுல வெள்ளித்திரையில தெரியறார். நடுவுல கிட்டத்தட்ட பதினஞ்சு வருஷம். நடுவர் அவர்களே, அந்தப் பதினஞ்சு வருஷத்துக்கு எதிரணி கணக்குச் சொல்லணும். ‘ஒரே படத்துல உயரத்துக்குப் போயிட்டார்’ங்கிறாங்க. மூங்கில் வெளியே வந்த அன்னைக்கு எழுதுறீங்க. வேர் விட்ட வருஷத்தை எழுத மாட்டேங்கிறீங்க!

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, எங்க கல்லூரிக்கு ஒரு அம்மா பையனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ‘சார், டிவியில இவன் ஒரு தடவை ஆடியிருக்கான். படிப்பு மூணு வருஷமாமே, அதுக்குள்ள சான்ஸ் போயிடுமே சார்’ன்னு கவலைப்பட்டாங்க. நான் சொன்னேன், ‘அம்மா, சிவாஜி கணேசனுக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. உங்க பையனுக்கு ஒரு மூணு வருஷம் கொடுக்கக் கூடாதா?’ (கைதட்டல்)

சரி, எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருவோம். ‘மேடை அவருக்கு மிகை நடிப்பைத்தான் கொடுத்தது. அதைக் குறைச்சு, பக்குவப்படுத்துனது காமிராதான். முதல் மரியாதை பாருங்க’ என்றார் பேராசிரியர்.

ஐயா, மேடையில ஏன் உரக்கப் பேசினாங்க? ஒலிபெருக்கி எல்லா ஊருக்கும் வராத காலம். கடைசி வரிசையில, மணல்ல துண்டை விரிச்சுக் குந்தியிருக்கிறவன் காசு கொடுத்து வந்திருக்கான். அவனுக்குக் கேட்கணும். புருவம் அசைஞ்சா அவனுக்குத் தெரியணும். அதை மிகைன்னா சொல்றீங்க? நான் அதைக் கடைசி வரிசைக்காரனுக்குக் கொடுத்த மரியாதைன்னு சொல்றேன்! முதல் வரிசைக்கு மட்டும் நடிக்கிறவன் வேற. கடைசி வரிசையையும் மனுஷனா மதிச்சு நடிக்கிறவன் வேற. (பலத்த கைதட்டல்)

1985-இல் பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’யில் அவர் அடங்கி நடிச்சார். உண்மை. நானும் பார்த்து அழுதவன்தான். ஆனா அடக்குறதுக்கு முதல்ல உள்ளே ஏதாவது இருக்கணும் இல்லீங்களா? மதகை மூடுறதுன்னா, பின்னால தண்ணி இருக்கணும். வெறும் ஏரியில மதகை மூடினா என்ன, திறந்தா என்ன? (சிரிப்பு) அந்தத் தண்ணி மேடையில தேங்கின தண்ணி.

நடுவர் அவர்களே, என்னுடைய முக்கியமான சாட்சி இனிமேதான். மேடை வெறும் ஏணின்னா, ஏறினவர் என்ன பண்ணியிருக்கணும்? எட்டி உதைச்சுட்டுப் போயிருக்கணும். படங்கள் வரிசையா ஓடுது, காசுக்குக் குறைவில்லை. அப்புறமும் சிவாஜி நாடக மன்றம்னு வச்சு, நாடகம் போட்டார். 1957-இல் சேலத்தில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ மேடையேறியது. எழுதியவர் யார்? சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. எந்த சக்தி நாடக சபாவில நூர்ஜஹானா நின்னாரோ, அதே சபையை நடத்தியவர்! நூறு முறைக்கு மேல அந்த நாடகம் நடந்தது. வசூல் பள்ளிக்கூடங்களுக்கும் பொதுக் காரியங்களுக்கும் போச்சு. நூறு தடவை மேடையில பேசிப் பேசி மெருகேறின பிறகுதான், 1959-இல் பந்துலு இயக்கத்தில் அது படமாச்சு. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்தது.

விருது கொடுத்தது திரைப்பட விழா. ஒத்துக்கிறேன். எதுக்குக் கொடுத்தாங்க? நூறு ராத்திரி மேடையில வெந்த சோத்துக்குக் கொடுத்தாங்க. நீங்க இலை போட்டீங்க; பரிமாறினீங்க. சமைச்சது யாருங்க? (கைதட்டல்)

‘வியட்நாம் வீடு’ சுந்தரம் எழுதிய நாடகம். மேடையில பிரெஸ்டீஜ் பத்மநாபனா நடிச்சுட்டு, 1970-இல் படமாக்கினார். ‘தங்கப்பதக்கம்’ மகேந்திரன் எழுதிய நாடகம். முதலில் செந்தாமரை நடிச்சார். அப்புறம் சிவாஜி மேடையில நடிச்சார். 1974-இல் படம். இன்னைக்கும் ஒரு போலீஸ் அதிகாரி மிடுக்கா நடந்தா, ‘எஸ்.பி. சௌத்ரி மாதிரி இருக்காருப்பா’ன்னு சொல்றோம். அந்த நடை பழகினது மேடைப் பலகையில!

‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் வந்த படம். வாசிச்சவங்க மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். ஆனா அந்தக் கன்னமும் கழுத்தும் விரலும் பார்த்தா, ‘இவரே வாசிக்கிறார்’னுதானே நம்பினோம். அந்தப் படத்துல யார் யார் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. டி.எஸ். பாலையா, எம்.என். நம்பியார், நாகேஷ், மனோரமா. இயக்கிய ஏ.பி. நாகராஜன் முதற்கொண்டு அத்தனை பேரும் நாடகத்துல நடிச்சவங்க. பேர்தான் சினிமா, உள்ளே போய்ப் பார்த்தா பூராவும் எங்க சொந்தக்காரங்க! (பலத்த சிரிப்பு)

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். எல்லா மேடையும் அவருக்குக் கைகொடுக்கலை. சொந்தக் கட்சி தொடங்கி, 1989-இல் திருவையாற்றில் நின்னு தோத்துப் போனார். அரசியல் மேடைக்கு வேற நடிப்பு வேணும்போல. அவருக்கு நிஜமான நடிப்புத்தானே தெரியும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிக்கிறேன் ஐயா. எதிரணியின் கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கு. ‘சினிமாதானே அவரைச் சாகாமல் வச்சிருக்கு?’ன்னு கேட்டாங்க. பதில் சொல்லாம உட்கார்ந்தா நான் நேர்மையானவன் இல்லை. உண்மைதான். 2001 ஜூலை 21-ஆம் தேதி அவர் மறைந்தார். இன்னைக்கு ராத்திரியும் ஏதாவது ஒரு சேனல்ல அவர் பேசிக்கிட்டு இருப்பார். அந்த நன்றி சினிமாவுக்கு உண்டு. ஆனா நூர்ஜஹானா அவர் நின்ன அந்த ராத்திரி எங்கே? பெரியார் பார்த்த அந்த சிவாஜி எங்கே? பார்த்த கண்களோட சேர்ந்து போயிடுச்சு. மேடைக்கு அதுதான் விதி. பெத்துக் கொடுத்துட்டு, தான் மறைஞ்சு போறதுதான் மேடை. மறைஞ்சு போச்சேங்கிறதுக்காக, அது பெறவே இல்லைன்னு தீர்ப்பு எழுதலாமா?

இன்னைக்கும் மதுரைப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவுல வள்ளித் திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் விடிய விடிய நடக்குது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஆர்மோனியக்காரரும், திருவிழாக் காலம் போனா அடுத்த அழைப்பு எப்போ வரும்னு காத்துக்கிடக்காங்க. நாம எழுந்து வீட்டுக்குப் போயிடுறோம். சிவாஜிக்குச் சென்னையில மணிமண்டபம் கட்டியாச்சு, சந்தோஷம். அவரைப் பெத்த தாய்க்கு நாம என்ன செய்தோம்? உங்க ஊர்ல அடுத்த தடவை நாடகம் போட்டா, பத்து மணிக்கு எழுந்திருக்காம, குடும்பத்தோட விடியும் வரைக்கும் உட்காருங்க. அது போதும்.

இப்போ அந்தப் பையன்கிட்ட வர்றேன். ‘எனக்கு அம்மா இல்லை’ன்னு பொய் சொல்லிட்டு மேடைக்குப் போன அந்தப் பையன், பெரிய நடிகனானதுக்கப்புறம் சென்னையில இருந்த தன்னுடைய வீட்டுக்கு என்ன பெயர் வச்சார் தெரியுமா? ‘அன்னை இல்லம்’! (நீண்ட கைதட்டல்) அன்னைக்குச் சொன்ன ஒரு பொய்யை, வாழ்நாள் முழுக்க வாசல்ல எழுதி வச்சுத் திருத்தினார்னு எனக்குத் தோணுது.

அப்படிப்பட்டவர் தன்னை வளர்த்தவங்களை மறப்பாரா? சிறு வயசுல பார்த்த கூத்தை மறக்கலை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறில் சொந்தமா இடம் வாங்கி, 1970-இல் சிலை வச்சார். நாடகத்துல தன்னைக் கண்டெடுத்த பெருமாள் முதலியாரை மறக்கலை; வருஷா வருஷம் பொங்கலுக்கு, இதோ இந்தப் பொங்கலுக்குத்தான், வேலூருக்குப் போய்ப் புதுத்துணி கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வருவார்.

நடுவர் அவர்களே! வெள்ளித்திரை அவருக்கு வீடு, வாசல், விருது, உலகப் புகழ் எல்லாம் கொடுத்துச்சு. ஆனா பெயர் கொடுத்தது மேடை. குரல் கொடுத்தது மேடை. நடை கொடுத்தது மேடை. முதல் படத்துக்கு ஆள் காட்டிக் கொடுத்ததும் மேடை. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னால, ஒரு ஓரமா நின்னு கண்ணைத் துடைச்சிக்கிட்டு இருக்கிற அந்தத் தாயை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. அது போதும் எங்களுக்கு.



(நீண்ட கைதட்டல்)